சாவி யார் கையில்?

"அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும், தனி மனிதன் தழைக்கட்டும்!" என்றோர் உபதேசம் இன்று ஊரெங்கும் கேட்கிறது, தோழர்களே! படித்தவர் பேசுகிறார், பணம் படைத்தவர் தலையசைக்கிறார், ஏடுகள் சில எடுத்து எழுதுகின்றன. கேட்கும்போது இனிக்கத்தான் செய்கிறது. சுதந்திரம் வேண்டாம் என்று சொல்பவர் யார்? கூண்டிலே உள்ள கிளிக்கும் அது வேண்டும். குடிசையிலே உள்ள ஏழைக்கும் அது வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். சுதந்திரம், சுதந்திரம் என்கிறார்களே, அது எவருடைய சுதந்திரம்? வேலை கொடுப்பவருடையதா, வேலை கேட்டு வாசலிலே நிற்பவனுடையதா? இருவருக்கும் அது ஒன்றேதான் என்கிறார்கள். ஒன்றல்ல என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைக் கூண்டிலே ஏற்றுவோம், கேட்டுவிட்டுத் தீர்ப்பளியுங்கள்.

அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலத்திலே, யூடிக்கா என்றோர் ஊர். அங்கே ரொட்டிக் கடை நடத்திவந்தார் ஜோசப் லாக்னர் என்பவர். அந்நாளில் அந்த மாநிலத்து ரொட்டித் தொழிலாளரின் நிலை என்ன தெரியுமா? நகரங்களிலே, குடியிருப்புக் கட்டடங்களின் அடியிலே, நிலவறைகளிலே இருந்தன அடுப்புகள். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. அடுப்பின் அனல் ஒரு பக்கம், மாவுத் தூள் மறு பக்கம். மூச்சு இழுத்தால் மாவும் சேர்ந்து நெஞ்சுக்குள் போகும். வாரத்திலே நூறு மணி நேரம் உழைத்தவர்களும் உண்டு. ஊர் உறங்கும் நேரத்திலே அவன் விழித்திருப்பான். ஊர் விழித்து ரொட்டி தின்னும் நேரத்திலே அவன் சுருண்டு கிடப்பான்.

இந்தக் கொடுமையைக் கண்டு, 1895 ஆம் ஆண்டில் நியூயார்க் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. ரொட்டிக் கடையிலே ஒரு தொழிலாளியை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம், இதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். பத்து மணி நேரம்! அதுவே அன்று பெரிய கருணை! இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்கும் விழாமல் நிறைவேறிற்று அது.

லாக்னர் அந்தச் சட்டத்தை மீறினார். இரண்டாம் முறையும் மீறினார். 50 டாலர் அபராதம் விதித்தார்கள். 50 டாலர்தானே என்று கட்டிவிட்டுப் போகவில்லை அவர், வழக்காடினார். மேலும் மேலும் போய், அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தின் படியேறினார். 1905 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகள், நால்வர் ஒரு பக்கம், ஐவர் ஒரு பக்கம். ஐவர் சொன்னார்கள்: சட்டம் செல்லாது! ஏன் செல்லாது? எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பது முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். அதிலே அரசு தலையிட்டால் தனி மனித சுதந்திரம் பறிபோகிறது. ரொட்டி சுடுவோர் தம் நன்மை தீமை அறியாத சிறு பிள்ளைகளா, அரசு கையைப் பிடித்து நடத்திச் செல்ல? இதுதான் நீதிபதி பெக்காம் எழுதிய தீர்ப்பின் சாரம்.

பார்த்தீர்களா, தோழர்களே! பதினாறு மணி நேரம் அடுப்படியிலே வேகும் உரிமையை அந்தத் தொழிலாளியிடமிருந்து பறித்துவிட்டதாம் சட்டம்! அந்த உரிமையை மீட்டுத் தந்தாராம் லாக்னர்! வழக்குத் தொடுத்தவன் தொழிலாளியா? இல்லை. என் உரிமை போயிற்றே என்று அழுதவன் தொழிலாளியா? இல்லை. முதலாளி அழுதார், தொழிலாளியின் சுதந்திரத்துக்காக!

எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி அந்த ஐவர் இப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்? அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம். அது வந்த ஆண்டு 1868. உள்நாட்டுப் போர் முடிந்து, விலங்கொடிக்கப்பட்ட கறுப்பின மக்களை மீண்டும் யாரும் அடிமைகளாக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த திருத்தம் அது. அடிமைக்குக் கேடயமாகச் செய்யப்பட்டது, முப்பத்தேழு ஆண்டுக்குள் முதலாளிக்குக் கேடயமாகிவிட்டது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லாக்னருக்காக வாதாடியவர்களிலே ஒருவர் ஹென்றி வைஸ்மன். யார் அவர்? ரொட்டித் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்! 1895 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும் என்று மேடைமேடையாக முழங்கியவர், ஏட்டிலே எழுதியவர்! பிறகு சங்கத்தை விட்டார், சட்டம் படித்தார், தான் கட்டிய வீட்டைத் தானே இடிக்க வந்தார். இப்படிப்பட்ட மனிதர்களை நம் காலத்திலும் பார்க்கிறோம், பெயர்தான் வேறு.

அந்த நான்கு நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரொட்டித் தொழிலாளியின் நுரையீரலை மாவு எப்படி அரிக்கிறது, ஐம்பது வயதைத் தாண்டுவோர் அவர்களில் எத்தனை குறைவு என்று மருத்துவ நூல்களைப் புரட்டிக் காட்டினார் நீதிபதி ஹார்லன். தனித்து எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அரசியல் சட்டம் எந்த ஒரு பொருளாதாரக் கொள்கைக்கும் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல என்பது அவர் வாதம். இன்று சட்டம் படிக்கும் மாணவர்கள் பெருமையோடு படிப்பது தோற்றுப் போன அவருடைய எழுத்தைத்தான்.

சரி, அந்த ஐவரின் வாதத்திலே பிழை எங்கே? அதையும் பார்த்துவிடுவோம். வெறும் வசவு போதாது, விளக்கம் வேண்டும்.

முதலாளியும் தொழிலாளியும் பேரம் பேசுகிறார்கள் என்கிறார்கள். பேரத்திலே வெல்பவன் யார்? கெட்டிக்காரன் அல்ல, தோழர்களே! காத்திருக்கக் கூடியவன்! மாட்டுச் சந்தைக்குப் போனவருக்கு இது தெரியும். இன்று விற்காவிட்டாலும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லக் கூடியவனுக்கு நல்ல விலை கிடைக்கும். இன்றைக்கே விற்றாக வேண்டும், வட்டிக்காரன் வாசலிலே நிற்கிறான் என்பவன், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவான். முதலாளி ஒரு மாதம் காத்திருப்பார். இலாபத்திலே கொஞ்சம் குறையும். தொழிலாளி இன்று மாலை வரை காத்திருந்தால் பிள்ளையின் தட்டிலே சோறு குறையும். இலாபக் குறைவும் சோற்றுக் குறைவும் ஒரே தராசிலே சமமாக நிற்குமா?

"இஷ்டமில்லையென்றால் போயேன், உன்னை யார் கட்டி வைத்திருக்கிறார்கள்?" என்பார் முதலாளி. கயிறு கண்ணுக்குத் தெரியாது. வயிற்றிலே இருக்கிறது அது.

இன்னொன்றையும் கேளுங்கள். நூறு பேர் வேலை செய்யும் இடத்திலே, நூறு பேருக்கும் பத்து மணி நேரம் போதும் என்ற ஆசை இருக்கிறது. ஒருவன் எழுந்து, "எனக்குப் பத்து மணி நேரம் போதும், ஐயா" என்கிறான். "சரி அப்பா, நீ போ, பன்னிரண்டு மணி செய்ய வாசலிலே ஆள் நிற்கிறான்" என்கிறார் முதலாளி. அந்த வாசலிலே நிற்பவனுக்கும் பத்து மணிதான் பிடிக்கும்! ஆனாலும் பசி அவனைப் பன்னிரண்டுக்குச் சம்மதிக்க வைக்கிறது. ஆக, நூறு பேரும் விரும்பும் ஒன்றை, நூறு பேரில் ஒருவன்கூடத் தனியாக நின்று அடைய முடியாது. எல்லோருக்குமாக ஒரு கோடு போட்டால்தான், ஒவ்வொருவன் விருப்பமும் நிறைவேறும். அந்தக் கோட்டைச் சங்கம் போடலாம். சங்கத்தால் முடியாதபோது சட்டம் போட வேண்டும்.

இதைச் சொன்னவர் யாரோ ஒரு பொதுவுடைமைவாதி என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், தனி மனித உரிமைக்காக 1859 இல் நூலெழுதி உலகப் புகழ் பெற்றவர், அதற்குப் பதினோராண்டு முன்பே, 1848 இல், தம் பொருளாதார நூலிலே இந்த வாதத்தை எடுத்து வைத்திருக்கிறார். வேலை நேரத்தைக் குறைக்க எல்லாத் தொழிலாளரும் விரும்பினாலும், சட்டத்தின் துணை இன்றி அவர்கள் விருப்பம் கைகூடாது போகலாம் என்று. தனி மனித சுதந்திரத்துக்குக் கோயில் கட்டுவோர், தங்கள் மூலவர் என்ன சொன்னார் என்று படித்தாவது பார்க்கக் கூடாதா?

லாக்னர் தீர்ப்பு வந்த ஆறாம் ஆண்டு. 1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரிலே, பத்து மாடிக் கட்டடம் ஒன்றிலே, எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளிலே, டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை. வேலை செய்தோர் பெரும்பாலும் பெண்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண்கள், இத்தாலியப் பெண்கள். பதினாறு, பதினேழு வயதுக் குமரிகள் பலர். வேலை முடியும் நேரம். தீ பிடித்தது. துணிக் குவியல்; தீக்குக் கேட்க வேண்டுமா? ஒன்பதாம் மாடியிலே இருந்தவர்கள் ஒரு கதவை நோக்கி ஓடினார்கள். பூட்டியிருந்தது கதவு! வேலை நேரத்திலே வெளியே போய்விடக் கூடாது, துணியைத் திருடிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டு. தீயணைப்புப் படை வந்தது. ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. சன்னல் வழியே குதித்தார்கள் பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு. 146 பேர் மாண்டார்கள்.

தனி மனித சுதந்திரம் பேசுவோரே, இங்கே சொல்லுங்கள்! அந்தப் பெண்கள் தாமாக வந்தவர்கள்தாமே? ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள்தாமே? கதவைப் பூட்டு என்று அவர்களா கேட்டார்கள்? சட்டமன்றம் தலையிடக் கூடாது என்றீர்களே, அந்தக் கதவின் சாவி யார் கையில் இருந்தது? முதலாளிகள் இருவர் மேலும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது தங்களுக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை என விடுதலையானார்கள். அவர்களுக்குக் கிடைத்தது விடுதலை!

அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் 1909 இலேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நகரம் முழுவதும் சட்டைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிலே தெருவுக்கு வந்த போராட்டம் அது. டிரையாங்கிள் முதலாளிகளோ சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். அன்று சங்கம் நுழைந்திருந்தால் பூட்டு வெளியேறியிருக்கும்.

தீ எரிந்ததைத் தெருவிலே நின்று பார்த்தவர்களிலே ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார். அந்தக் காட்சி அவரைத் தூங்கவிடவில்லை. தீக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு அமைத்தது; தீத் தடுப்பு, வெளியேறும் வழி, வேலை நேரம் என்று சட்டங்கள் வரிசையாக வந்தன. 1933 இல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சரானார் அந்த அம்மையார்; அந்நாட்டு அமைச்சரவையிலே அமர்ந்த முதல் பெண்மணி. 1938 இல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது அவர் அமைச்சராக இருந்தபோதுதான்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1937 இல், இன்னொரு வழக்கு. வாஷிங்டன் மாநிலத்திலே ஓட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்யும் வேலைக்காரி எல்சி பாரிஷ். 48 மணி நேர வாரத்துக்கு 14.50 டாலர் தர வேண்டும் என்றது மாநிலச் சட்டம். ஓட்டல்காரர் குறைத்துக் கொடுத்தார். பாக்கி 216 டாலர் சொச்சம். வழக்குப் போட்டார் அந்த அம்மாள். ஒப்பந்த சுதந்திரம் போயிற்று என்று ஓலமிட்டது ஓட்டல். தலைமை நீதிமன்றம் மறுபடியும் ஐந்துக்கு நான்கு என்றே பிரிந்தது. ஆனால் இந்த முறை ஐவர் இந்தப் பக்கம்! சட்டம் செல்லும் என்றார்கள். லாக்னர் தீர்ப்பின் கொள்கை 32 ஆண்டு ஆண்டு, ஒரு துடைப்பக்காரியின் கையால் கூட்டி வெளியே தள்ளப்பட்டது!

அது அமெரிக்கா, நமக்கென்ன என்பீர்களோ? வாருங்கள் பெரம்பூருக்கு.

1918 ஏப்ரல் 27 இல் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் கூடி அமைத்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று உழைத்தார்கள், பி.பி. வாடியா தலைவர், துணை நின்றார் திரு.வி.க. 1920 இல் தகராறு முற்றியது. ஆலை நிர்வாகம் என்ன செய்தது? நீதிமன்றம் சென்றது. தொழிலாளிக்கும் எமக்கும் ஒப்பந்தம். அதை மீறும்படி சங்கத்தார் தூண்டுகிறார்கள். தடை போடுங்கள், நட்ட ஈடு வாங்கித் தாருங்கள் என்றது. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வாடியா தொழிற்சங்கத் தொடர்பை விட்டு விலக நேர்ந்தது. பார்த்தீர்களா? யூடிக்காவிலே பேசிய அதே ஒப்பந்த சுதந்திரம் பெரம்பூரிலும் பேசிற்று, ஒரே குரலில்!

அந்தத் தடை நாட்டையே உலுக்கிற்று. 1921 இல் மத்திய சட்டசபையிலே என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று. 1926 இல் வந்தது தொழிற்சங்கச் சட்டம். தொழில் தகராறிலே ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று பதிவு பெற்ற சங்கத்தின் மேல் இனி வழக்குப் போட முடியாது என்றது. சேர்ந்து நிற்கும் உரிமையும் ஒரு சுதந்திரம். அதைச் சட்டம்தான் தந்தது.

ஆனால், தோழர்களே, சேர்ந்து நிற்பது என்று சொல்லிவிட்டால் போதாது. 1921 இல் அதே ஆலையிலே மீண்டும் வேலைநிறுத்தம். அந்தப் போராட்டத்துக்குள்ளே புகுந்தது சாதி. ஆலையிலே ஒரே தறி. வெளியே வந்தால் வேறு வேறு தெரு, வேறு வேறு கிணறு. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று பிளந்தது அணி. புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. போராட்டம் தோற்றது. கூட்டம் என்ற பெயரிலே உள்ளே மேல், கீழ் வைத்திருந்தால், அது கூட்டமல்ல, கூட்டுக் கொடுமை. அது முதல் அடியிலேயே உடையும்.

கூட்டத்துக்கு எதிராகத் தனி மனிதனைக் காக்க வேண்டிய கட்டமும் உண்டு. மறுக்கவில்லை, நாமே அதற்காகப் போராடியவர்கள்! ஊரும் உறவும் சாதியும் சாத்திரமும் ஒன்று கூடி, ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் பார்த்து, "புரோகிதர் இல்லாமல் நீங்கள் செய்துகொண்டது திருமணமே அல்ல" என்றன. நீதிமன்றமும் 1950களில் அதையே சொன்னது. சுயமரியாதைத் திருமணம் செய்தோரின் பிள்ளைகள் சொத்துரிமை கேட்க முடியாமல் தவித்தார்கள். 1967 இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டம் செய்தது: மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், தாலி கட்டினால் போதும், திருமணம் செல்லும், முன்பு நடந்தவையும் செல்லும் என்று. அங்கே தனி மனிதனின் பக்கம் நின்றது எது? அரசு! ஒதுங்கி நின்றிருந்தால் ஊரின் ஆதிக்கம் நின்றிருக்கும். இருவரின் உரிமை செத்திருக்கும்.

"அப்படியானால் அரசு எது செய்தாலும் சரியா?" என்று கேட்பார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. அதற்கும் நம்மிடம் அனுபவம் உண்டு, தழும்பு உண்டு. 1975 ஜூன் 25. நெருக்கடி நிலை. நாட்டின் நன்மை, மக்களின் நன்மை என்று கூட்டு நலத்தின் பெயரைச் சொல்லித்தான் ஏடுகளின் வாயை அடைத்தார்கள்; விசாரணையின்றிச் சிறையிலே அடைத்தார்கள். 1976 ஜனவரி 31 இல் தமிழ்நாட்டின் அமைச்சரவையைக் கலைத்தார்கள். மிசா என்ற சொல் நம் வீடுகளிலே நுழைந்தது. அந்த ஏப்ரலிலே, சிறைப்பட்டவன் நீதிமன்றத்தை அணுகவும் உரிமையில்லை என்று நால்வர் தீர்ப்பெழுத, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராமல் போயிற்று. அரசு கதவைப் பூட்டினாலும் பூட்டு பூட்டுதான்!

ஆகவே நம் கேள்வி, அரசு பெரிதா தனி மனிதன் பெரிதா என்பதல்ல. அந்தக் கேள்வியே நம்மைத் திசைதிருப்பும் கேள்வி. நாம் கேட்க வேண்டியது: கதவு ஒன்று பூட்டியிருக்கிறது, சாவி யார் கையில்? உள்ளே இருப்பவன் திறந்துகொள்ள முடியுமா? முடியும்படி செய்வது சட்டமானால், அது சுதந்திரத்தின் சட்டம். முடியாதபடி செய்வது அரசாணையாக இருக்கட்டும், ஆலை விதியாக இருக்கட்டும், சாதிக் கட்டுப்பாடாக இருக்கட்டும், மூன்றும் ஒரே சிறைதான்.

1982 இல் இந்திய உச்சநீதிமன்றம் இதை அழகாகச் சொல்லிற்று. டில்லியிலே ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர். நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதிலே ஒரு ரூபாயை ஆள் பிடித்து வரும் ஜமேதார் எடுத்துக்கொண்டான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் உழைக்கச் சம்மதிக்கிறான் என்றால், அவனைப் பசி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது என்றே பொருள். அது அரசியல் சட்டத்தின் 23 ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தார் நீதிபதி பகவதி. லாக்னர் தீர்ப்புக்கு இந்த மண்ணிலே கிடைத்த பதில் அது!

பழங்கதை பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2023 ஏப்ரல் 21 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி மாறாது, விரும்புகிறவர்களுக்கு மட்டுமே என்று விளக்கம் தரப்பட்டது. விருப்பம்! அந்தச் சொல்லின் வரலாற்றை இப்போது நீங்கள் அறிவீர்கள். சங்கங்கள் கொதித்தெழுந்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன, மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அரசு கேட்டது, தொழிலாளர் பேசியதால்! பேசாதிருந்தால்?

ஒன்றியத்திலே நடப்பதையும் பாருங்கள். தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2020 இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே பொருந்திற்று. இப்போது 300 பேர் இருந்தால்தான். வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு. முதலாளிக்கு அரசு ஒதுங்குகிறது. தொழிலாளிக்கு அரசு குறுக்கே நிற்கிறது! அரசு ஒதுங்க வேண்டும் என்று உபதேசிப்போர், இந்த இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பார்களா?

ஆலை வாசலிலே நிற்கும் தோழனே! உன்னிடம் யாராவது வந்து "சங்கம் எதற்கு, சட்டம் எதற்கு, நீ தனி மனிதன், தலை நிமிர்ந்து நில்" என்று சொன்னால், கோபப்படாதே. இரண்டு கேள்வி கேள். "ஒரு மாதம் வேலையின்றி நான் காத்திருக்க முடியுமா?" என்று கேள். "நான் வேலை செய்யும் இடத்துக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேள். பதில் சொல்ல அவர் தயங்கும்போது, பக்கத்திலே நிற்பவனைப் பார். அவன் எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மாநிலம் என்று கேட்காதே. சங்கச் சந்தா கட்டியிருக்கிறானா என்று கேள். கட்டவில்லையென்றால், அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு மறு வேலை பார்!